கைப்பிடியை அழுத்திக் காட்டினேன்

திருச்சியில் ஒரு சைக்கிள் கடையில் 2008 முதல் 2019 வரை 11 வருடம் விற்பனையாளனாக இருந்தேன். அத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது, "இதுல ஷாக் இருக்கா?" என்பதுதான். அதற்கு அடுத்தபடியாகக் கேட்டது, "ஷாக் இருந்தா நல்லதா?" முதல் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பொய் சொன்னேன். விவரம் தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. எனக்கு எல்லாம் தெரியும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஸ்பிரிங் வைத்திருந்தால் அதைக் கடையில் ஷாக் என்போம். அதை விற்பதற்கு ஒரு வழி உண்டு, அதை நான் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பு எடையைப் போட்டுக் கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். ஃபோர்க் மெத்தென்று இறங்கி மேலே எழும்பும். பிறகு, "நீங்களே அழுத்திப் பாருங்க" என்று வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் ஒரு தடவை அழுத்திவிட்டால் வேறு வண்டியைத் தொடாது. பெரியவர்களும் அப்படித்தான். அந்த அமுக்கத்தைக் கையில் உணர்ந்ததும் முகம் மாறும். ரோட்டிலுள்ள குழியெல்லாம் இப்படியே மெத்தென்று போய்விடும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வைக்கத்தான் அதைச் செய்தேன்.

ரோட்டில் நடப்பது வேறு. கடையில் நாம் மெதுவாக, பலம் கொடுத்து அழுத்துகிறோம். குழியோ கல்லோ கீழேயிருந்து சட்டென்று அடிக்கிறது. விலை குறைந்த ஃபோர்க்கில் உள்குழாயும் வெளிக்குழாயும் உராய்ந்துகொண்டே இருக்கும். அந்த உராய்வைத் தாண்டி அசையவே ஓரளவு விசை வேண்டும். சின்னச் சின்ன அதிர்ச்சிக்கு அது அசையாது. அதாவது தினமும் கையை மரத்துப்போக வைக்கிற ஜல்லி ரோட்டு நடுக்கத்தை அது அப்படியே கைக்குக் கடத்தும். பிரேக் பிடித்தால் இறங்கும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் இறங்கி ஏறும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும்.

மோட்டார் பைக்கில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். பைக்கின் முன் ஷாக்கில் ஸ்பிரிங்கோடு எண்ணெயும் இருக்கிறது. ஆயில் சீல் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்வாரே, அந்த எண்ணெய்தான் ஸ்பிரிங் துள்ளாமல் பிடித்து நிறுத்துகிறது. நாங்கள் விற்ற 6,000, 7,000 ரூபாய்ச் சைக்கிள்களில் அது கிடையாது. வெறும் ஸ்பிரிங், ரப்பர்க் கட்டை, பிளாஸ்டிக் புஷ். எண்ணெயோ காற்றோ நிரப்பிய நல்ல ஃபோர்க் உண்டு. அதன் விலைக்கு எங்கள் கடையில் முழுச் சைக்கிளே வாங்கலாம். எடையையும் சொல்ல வேண்டும். சாதாரண இரும்பு ஃபோர்க் ஏறக்குறைய 1 கிலோ என்றால், இந்த ஷாக் ஃபோர்க் இரண்டரைக் கிலோ வரும். பைக்குக்கு இன்ஜின் இருக்கிறது. சைக்கிளுக்கு ஓட்டுகிறவர் கால்தான் இன்ஜின்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன ஓட்டினேன்? அப்பாவின் பழைய ஹெர்குலிஸ். 28 இன்ச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த தோல் சீட். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாகத் தினமும் அதில்தான் கடைக்கு வந்தேன். பழுதுபார்ப்பதற்காக 2022இல் மூடப்பட்ட அதே பாலம். வேலைக்கு வந்துபோன காலத்தில் அதன் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் வண்டி தூக்கிப் போடும். இணைப்பு வருவதற்குச் சற்று முன்னால் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் மட்டமாக வைத்து, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, முழங்கையைத் தளர்த்திக்கொள்வேன். அடி என் இடுப்புக்கு வராது. இது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. குரங்கு பெடல் போட்ட வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிற எவருக்கும் உடம்பே கற்றுக்கொடுத்துவிடும்.

அந்த வண்டியைக் கடை வாசலில் நிறுத்தமாட்டேன். பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நிறுத்துவேன். "நீங்க என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

கல்லூரிப் பையன்கள் வந்தால் வேறு மாதிரி பேசுவேன். வடக்கு பிரான்சில் பாரிஸ்–ரூபே என்றொரு பந்தயம். ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாவிய பழைய பாதை. 1992லும் 1993லும் அதை வென்ற கில்பெர் டுக்ளோ-லசால் முன்பக்க ஷாக் வைத்த சைக்கிளில்தான் வந்தார், ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க். இதை எங்கோ படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "உலகத்துலேயே மோசமான ரோட்டுல ஷாக் வெச்சுத்தான் ஜெயிச்சிருக்காங்க" என்று சொன்னால் பையன்கள் கண் விரியும். அதே இடத்தில் படித்த மறுபாதியை நான் சொன்னதே இல்லை. சில வருடங்களிலேயே அந்தப் பந்தயக்காரர்கள் ஷாக்கைக் கழற்றிவிட்டார்கள். இப்போது அதே கருங்கல் மேல் ஷாக் இல்லாத ஃபோர்க்கும் அகலமான டயருமாக, காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

எனக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி என் தங்கை. லால்குடியில் இருக்கிறாள். 2012இல் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போய்வர அவளுக்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. "அண்ணே, ஷாக் வெச்சதா எடுத்துரு. ரோடு மோசம், ஸ்கூட்டியில போனாலே இடுப்பு வலிக்குது" என்றாள். அவளிடம் ஒரு நொடிகூட யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். இடுப்பு வலிக்கு முன்பக்க ஷாக் என்ன செய்யும்? நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியில் உன் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. பின்சக்கரம் குழியில் இறங்கும்போதுதான் இடுப்பில் அடிக்கிறது. அதற்கு ஸ்பிரிங் சீட் போடு. டயரைக் கொஞ்சம் அகலமாகப் போடு. கல் மாதிரி காற்றடிக்காதே.

டயரே ஒரு ஸ்பிரிங்தான் என்றும் அவளிடம் சொன்னேன். சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததே அதற்காகத்தான். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், கெட்டி ரப்பர் சக்கரத்தில் தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைப் பார்த்துவிட்டு அதைச் செய்தார். அகலமான டயரில் அளவாகக் காற்று இருந்தால் ஜல்லியின் ஒவ்வொரு முனைக்கும் ரப்பர் உள்வாங்கிக் கொடுக்கும். இரண்டு சக்கரத்திலும் கொடுக்கும். எந்த ஷாக்கும் அவ்வளவு சின்ன அசைவுக்கு இணங்காது. தங்கை வண்டிக்கு இரண்டு அங்குல டயர் போட்டு, நானே பம்பில் அளவு பார்த்துக் காற்றடித்துக் கொடுத்தேன். அவள் இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறாள்.

கடையில் நான் செய்தது இதற்கு நேர் எதிர். கம்ப்ரஸரில் கல்லாக அடைத்து வைத்த டயரோடுதான் எல்லா வண்டியும் வாசலில் நிற்கும். ஷாக் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது காற்றைக் குறைக்காமலே கொடுத்தேன். தெரு முனை வரை போய்விட்டு வந்து, "ரொம்ப தூக்கிப் போடுதுங்க" என்பார்கள். அந்த வார்த்தைக்குத்தான் நான் காத்திருப்பேன்.

முதலாளி சொல்லித்தான் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஷாக் வண்டி ஒன்று விற்றால் சம்பளத்துக்கு மேல் 100 ரூபாய் உண்டு, அவ்வளவுதான். எப்படி விற்பது என்பதை அவர் என்னிடம் விட்டிருந்தார்.

2014 ஜூன் முதல் வாரம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடையில் நிற்க இடமில்லை. முத்தரசநல்லூருக்கு அப்பாலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். வாழைத்தோட்டத்தில் தார் வெட்டி வண்டியில் ஏற்றுகிற வேலை. சட்டையில் வாழைக்கறை இருந்தது. எத்தனை துவைத்தாலும் போகாத கறை அது. "தம்பி, பாப்பா ஒம்பதாவது போவுது. ஸ்கூலு அஞ்சு கிலோமீட்டரு. வாய்க்கா மேட்டு மேலதான் பாதை, குண்டும் குழியுமாத்தான் இருக்கும். எது தாங்கும், பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எது நல்ல வண்டி என்று கேட்கவில்லை, எது தாங்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அது எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஊதா நிற லேடீஸ் சைக்கிள், 4,200 ரூபாய். முழு மட்கார்டு, செயின் கவர், பின்னால் கேரியர், முன்னால் கூடை. உடைந்தால் எந்தக் கிராமத்துக் கடையிலும் பாகம் கிடைக்கும். அந்தப் பெண் அதன் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பை இதுல வெச்சுக்கலாம்" என்றாள்.

நான் அவளைக் கூப்பிட்டேன். "பாப்பா, இதைக் கொஞ்சம் அழுத்திப் பாரு."

அவள் அழுத்தினாள். சரியாக இறங்கவில்லை. ஒல்லியான பெண், 40 கிலோகூட இருக்காது. அந்த ஃபோர்க்கின் ஸ்பிரிங் வளர்ந்த ஆணின் எடைக்குச் செய்தது. அவள் ஏறி உட்கார்ந்தாலும் அது ஏறக்குறைய சாதாரண ஃபோர்க் மாதிரித்தான் நிற்கும், ஒன்றரைக் கிலோ கூடுதல் எடையோடு. அந்த நிமிடமே எனக்குப் புரிந்தது. அவள் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். இறங்கியது. அவள் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

"மேட்டுப் பாதைக்கு இதுதான்ணே தாங்கும்" என்றேன்.

அந்த வண்டி 6,300 ரூபாய். அவர் கொண்டுவந்திருந்தது 4,500. "ரெண்டு நாள்ல வர்றேன், வண்டியை எடுத்து வெச்சிருங்க" என்று சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். மிச்சப் பணத்தை எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. "இதுல கூடை மாட்டலாமா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கூடையின் கம்பி முன்சக்கர அச்சில் உட்கார வேண்டும். ஷாக் மேலும் கீழும் போகிற வண்டியில் அது நிற்காது. "இந்த வண்டிக்குக் கூடை போட்டா அழகு போயிரும்மா" என்றேன். அதற்கு மட்கார்டு என்ற பெயரில் இருந்ததும் ஒரு சாண் பிளாஸ்டிக்தான். செயின் கவர் கிடையாது. எனக்கு 100 ரூபாய் கிடைத்தது.

அடுத்த வருடம் டிசம்பரில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மழைக்காலம் முடிந்திருந்தது. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஃபோர்க்கில் டக் டக் என்று சத்தம். வாய்க்கால் மேட்டு மண்ணும் தண்ணீரும் ரப்பர் உறைக்குள் போய், உள்குழாய் துருப்பிடித்து, பிளாஸ்டிக் புஷ் தேய்ந்துவிட்டது. ஒரு கால் இறங்குகிறது, இன்னொரு கால் பிடித்துக்கொள்கிறது. அவர் ஊரில் பஞ்சர் ஒட்டுகிற பெரியவர் இதைத் திறக்கத் தெரியாது என்று அனுப்பிவிட்டாராம். திறந்தாலும் பயனில்லை, உள்ளே போட உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காது. முழு ஃபோர்க்கையும் மாற்ற வேண்டும், 950 ரூபாய்.

அவர் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். "தம்பி, இதுக்கு ஷாக் இல்லாத சாதா ஃபோர்க் போட முடியாதா?"

முடியும். 350 ரூபாய்க்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. போட்டால் முன்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழும், திருப்பும்போது கைப்பிடி கொஞ்சம் துடியாக இருக்கும். ஓரிரு நாளில் கை பழகிவிடும். கூடையும் மாட்டிக்கொள்ளலாம். நீள மட்கார்டு போடலாம். வண்டி லேசாகும், இனிமேல் அந்தப் பாகம் கெடவே கெடாது. அவர் தன் அறிவால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்து நின்றார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"போட்டா பேலன்ஸ் போயிரும்ணே. பாப்பா விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். பணம் காரணமில்லை, ஃபோர்க் விற்றால் எனக்குத் தனியாக எதுவும் வராது. முடியும் என்று சொன்னால், அப்படியானால் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதை ஏன் என் தலையில் கட்டினாய் என்று அவர் கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியமில்லை. என் பொய்யைக் காப்பாற்ற அவர் மகள் விழுந்துவிடுவாள் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தினேன். நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான். விற்றதைவிடக் கேவலம். அவர் 950 ரூபாய் கொடுத்து அதே மாதிரி ஃபோர்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார்.

2016இல் அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்புக்குப் போனாள். அரசாங்கம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விலையில்லாச் சைக்கிள் கிடைத்தது. ஷாக் இல்லாத சாதாரண லேடீஸ் சைக்கிள். அதன் பின் டயருக்கு டியூப் வாங்க ஒரு நாள் அவளே கடைக்கு வந்தாள், அதே சைக்கிளில், 12 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து. வேர்வைகூட அதிகம் இல்லை. "அந்த வண்டி?" என்று கேட்டேன். "சும்மாத்தான் நிக்குது அண்ணா. இதுதான் நல்லா ஓடுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. டியூபுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கும் நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

ஷாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பாறையும் வேரும் கிடக்கிற மலைப்பாதையில் வேகமாக இறங்குகிறவருக்கு அது வேண்டும். எண்ணெய் போட்ட நல்லதாக வேண்டும். அப்படி ஓட்டுகிற இரண்டு மூன்று பேர் என் 11 வருடத்தில் வந்திருக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற முடியாது, அவர்களுக்கே எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் போய்வர வண்டி கேட்டு வந்தவர்களைத்தான் ஏமாற்றினேன். எவ்வளவு தூரம், என்ன ரோடு, உங்களுக்கு எங்கே வலிக்கிறது, வண்டியில் என்ன ஏற்றுவீர்கள், ரிப்பேருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஐந்து கேள்வி கேட்டிருந்தால் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் ஷாக் இல்லாத வண்டியைத்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். தங்கையிடம் அந்த ஐந்தையும் கேட்டேன்.

2019இல் கடையை விட்டு நின்றேன். இப்போது ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலிலேயே ரிப்பேர் பார்க்கிறேன். ஓவராயிலுக்கு வருகிற வண்டிகளில் துருப்பிடித்து இறுகிய ஷாக் ஃபோர்க்குகளைப் பார்க்காத வாரமில்லை. ஒவ்வொன்றையும் கழற்றும்போது யார் விற்றிருப்பார்கள் என்று நினைப்பேன். சிலவற்றில் நாங்கள் ஒட்டிய கடை ஸ்டிக்கர் இன்னும் இருக்கும்.

போன மார்கழியில் ஒரு சாதா ஃபோர்க்கும் ஒரு கூடையும் வாங்கி ஹெர்குலிஸின் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். பில்லில் நான் எழுதிய ஊர்ப் பெயர் மறக்கவில்லை. வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் விசாரித்தேன், வீட்டைக் காட்டினார்கள். அவருக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. கடைப் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். மகள் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போகிறாள் என்றார். அந்தச் சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றது, டயர் இரண்டும் தரையோடு தரையாக.

எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடியை அழுத்திக் காட்டியது, கூடையைப் பற்றிச் சொன்னது, பேலன்ஸ் போய்விடும் என்றது. அவர் இடையில் பேசவில்லை. கடைசியில், "சாதா ஃபோர்க் போடலாமான்னு நான் கேட்டேனே தம்பி" என்றார்.

"கேட்டீங்கண்ணே."

சற்று நேரம் கழித்து அவராகவே சொன்னார். "மழைக்காலத்துல பாப்பா அந்த வண்டியத் தொடமாட்டா. முதுகு பூரா சேறடிக்குதுன்னு நடந்தே போயிருவா. அஞ்சு கிலோமீட்டரு. நான் திட்டுவேன். இவ்ளோ காசு போட்டு வாங்கின வண்டி, இவளுக்குத்தான் ஓட்ட வக்கில்லைன்னு. ரொம்பத் திட்டியிருக்கேன் தம்பி."

இதை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. என்னால் அவர் இழந்தது பணம் என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஃபோர்க்கை மாற்றித் தருகிறேன், வீட்டில் அக்கா பால் சொசைட்டிக்குப் போய்வர ஆகும் என்றேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, கவிழ்த்துப் போட்டு, முன்சக்கர நட்டில் ஸ்பானரைப் போட்டேன். அசையவில்லை, துரு முழுக்கப் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறப்போட்டேன். ஊறும் வரை இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை.